ஒரு மழைமானி, ஐந்து பாடங்கள்: தொழினுட்ப எழுத்தறிவைப் பாடங்களுக்குள் கொண்டுபோகும் முழுமையான வழிகாட்டி

ஆசிரியர் மல்டிமீடியாவில் படம் காட்டுகிறார், வகுப்பு பார்க்கிறது. இதைத் தொழினுட்பக் கற்பித்தல் என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். ஆனால் கருவியைத் தொட்டது ஆசிரியர் மட்டுந்தான். ஒரு தகவலைப் பிள்ளை தானே அளந்து, பதிந்து, ஒழுங்குபடுத்தி, சரியா பிழையா என்று பார்த்து, மற்றவருக்கு விளங்கச் சொல்லவேண்டும். அந்த வேலைக்குக் கருவி துணைவரும்போதுதான் தொழினுட்ப எழுத்தறிவு வளரும். கணினிப் பாடவேளையில் மட்டும் இது நடக்காது. அங்கே அளப்பதற்கும் சொல்வதற்கும் பொருள் கிடையாது. பொருள் மற்றப் பாடங்களில்தான் இருக்கிறது.

இலங்கையின் கிழக்குக் கரையில் வாகரையிலிருந்து பொத்துவில் வரை எந்தப் பாடசாலையிலும் செய்யக்கூடிய பத்துக் கிழமைத் திட்டம் இது. கணக்கு வசதிக்காகத் தரம் 8, 36 பிள்ளைகள், வேலை செய்யும் 12 கணினிகள் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் நான்கு கணினிதான் இருந்தாலும் படிகளின் ஒழுங்கு மாறாது. கிழமைகள் மட்டும் கூடும்.

1. முதலில் கேள்வி, பிறகு கணினி

"விரிதாள் படிப்பிக்கப் போகிறோம்" என்று தொடங்கினால் பிள்ளைகள் விரிதாளைப் படிப்பார்கள், அடுத்த தவணை மறப்பார்கள். "நமது பாடசாலையில் பெய்யும் மழையும் வாவிக்கு அக்கரையில் பெய்யும் மழையும் ஒன்றா?" என்று தொடங்கினால் விரிதாள் தேவைப்படுகிறது. தேவைக்காகக் கற்றது கையில் நிற்கும்.

ஐந்து பாடங்களுக்கு ஐந்து தனித்தனிச் செயற்றிட்டம் கொடுக்கவேண்டாம். ஒரே தரவு பாடத்திலிருந்து பாடத்துக்குக் கைமாறட்டும். விஞ்ஞானத்தில் அளந்த மழையைக் கணிதத்தில் அட்டவணையாக்கி, புவியியலில் படத்தில் வைத்து, தமிழில் அறிக்கையாக எழுதி, வரலாற்றில் பழைய மழையோடும் புயலோடும் ஒப்பிடுவது. ஒரு பாடத்தில் பிழையாகப் பதிந்த எண் அடுத்த பாடத்தில் வந்து இடறும். அந்த இடறல்தான் தரவைக் கவனமாகக் கையாளப் பிள்ளைகளைப் பழக்கும்.

ஐப்பசி நடுப்பகுதியில் தொடங்கினால் மழை கிடைக்கும். கச்சான் காற்று வீசும் வரண்ட காலத்தில் தொடங்குவதாயின் மழைக்குப் பதிலாக நிழலில் பகல் 12.30 வெப்பநிலையை எடுங்கள். மற்றப் படிகள் அப்படியே பொருந்தும்.

2. எது உண்மையில் வேலை செய்கிறது என்று எண்ணுங்கள்

இருப்புப் பதிவேட்டில் 20 கணினி இருக்கலாம். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒவ்வொரு இயந்திரத்திலும் நான்கு சோதனை: எழும்புகிறதா (எத்தனை நிமிடத்தில்), விசைப்பலகையின் எல்லா எழுத்தும் விழுகிறதா, பென்டிரைவை ஏற்கிறதா, சேமித்த கோப்பு அணைத்து எழுப்பிய பிறகும் இருக்கிறதா. நான்கிலும் தேறியதை மட்டும் எண்ணுங்கள்.

மூலையில் காட்டும் திகதியையும் பாருங்கள். பல வருடம் பின்னே நின்றால் உள்ளே இருக்கும் சிறிய வட்ட பற்றரி தீர்ந்திருக்கிறது. பெரும்பாலான மேசைக்கணினிகளில் அது சிஆர்2032 என்ற இலக்கமுடையது, மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். திகதி பிழையான கணினியில் இணையத்தளங்கள் "பாதுகாப்பற்றது" என்று எச்சரித்துத் திறக்க மறுக்கும். அதை வைரஸ் என்று நினைத்து முழுக் கணினியையும் அழித்து மறுபடி நிறுவுகிறார்கள். பற்றரியை மாற்றித் திகதியைத் திருத்தினாலே காணும்.

மின்சாரம் அடுத்தது. திரையோடு சேர்த்து ஒரு மேசைக்கணினிக்கு 200 வாட் என்று கூட்டிப் பாருங்கள். 12 கணினிக்கு 2,400 வாட். 13 அம்பியர் சொருகி ஒன்று 230 வோல்ற்றில் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட். பன்னிரண்டையும் ஒரே நீட்டிப்பு வயரில் தொங்கவிட்டு லேசர் அச்சுப்பொறியையும் அதிலேயே போட்டால் அச்சு எடுக்கும் கணத்தில் வயர் சூடேறும், அல்லது தடைகருவி விழும். இரண்டு மூன்று சுவர்ச் சொருகிகளுக்குப் பிரித்துவிடுங்கள். அச்சுப்பொறிக்குத் தனி இடம். பழைய கட்டடங்களில் உருண்டை முள்ளும் புதியவற்றில் சதுர முள்ளும் கலந்திருக்கும். மாற்றிச் சொருகியை முதல் நாளே வாங்கி வையுங்கள். சொருகித் துளையைக் குச்சியால் திறந்து முள்ளைச் செருகும் பழக்கம் பிள்ளைகள் கண்ணில் படவே கூடாது.

கடற்கரைப் பாடசாலைகளில் உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும். பூட்டி வைத்த கணினி பத்திரமாக இருக்காது. கிழமைக்கு ஒருநாளாவது அரை மணித்தியாலம் ஓடவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் காயும். ஓடும்போது தூசி உறையைக் கழற்றிவிடவேண்டும்.

3. ஐந்து ஆசிரியரும் ஒரே தாளில்

இதற்கு ஒரு பின்னேரம், முக்கால் மணித்தியாலம் தேவை. அதிபரும் இருக்கவேண்டும், நேரசூசியில் கை வைக்க அவருக்குத்தான் முடியும். ஒரு பெரிய தாளில் மூன்று நிரல் கீறுங்கள்: எந்தக் கிழமை, எந்தப் பாடம், அடுத்த பாடத்துக்கு எதைக் கொடுக்கவேண்டும். மூன்றாவது நிரலை வெறுமையாக விடாதீர்கள். "விஞ்ஞானம், 3ஆம் கிழமை முடிவு: பத்து நாள் மழையளவு, தாளில்" என்ற அளவுக்குத் துல்லியமாக எழுதுங்கள். திட்டம் குலைவது பெரும்பாலும் இந்தக் கைமாற்றத்தில்தான். கணித ஆசிரியர் காத்திருப்பார், விஞ்ஞானத்தில் அளவீடு இன்னும் முடிந்திருக்காது.

தகவல் தொழினுட்ப ஆசிரியரின் பங்கையும் இங்கேயே பேசி முடியுங்கள். மற்றவர் பாடத்தை அவர் நடத்தக்கூடாது. முதல் இரண்டு தடவை அறையின் பின்பக்கம் நிற்பார், கை தூக்கினால் போவார், மூன்றாவது தடவை வரமாட்டார். தமிழ் டீச்சரின் பாடவேளையைக் கணினி சேர் எடுத்துக்கொண்டால் "தமிழுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்பதைப் பிள்ளைகள் சொல்லாமலே கற்றுக்கொள்வார்கள்.

40 நிமிடப் பாடவேளையில் கணினி அறைக்குப் போக 5 நிமிடம், எழுப்ப 5 நிமிடம், அணைத்துத் திரும்ப 5 நிமிடம். மிஞ்சுவது 25. அதற்குள் முடியும் ஒரு வேலையை மட்டும் கொடுங்கள். இரட்டைப் பாடவேளை கிடைத்தால் 65 நிமிடம் மிஞ்சும். ஆதலால் இரண்டு தனி வேளையைவிட ஒரு இரட்டை வேளைக்கு அதிபரைக் கேளுங்கள்.

4. தமிழ்த் தட்டச்சைத் தள்ளிப்போடாதீர்கள்

அதிகம் கவனிக்கப்படாமல் போவது இதுதான். தமிழில் தட்டச்சத் தெரியாத பிள்ளை ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும், அல்லது நண்பன் அடித்ததைப் பிரதி எடுக்கும். பிறகு எந்தப் பாடத்திலும் எழுத்து வேலை கணினிக்குள் போகாது.

முதலாவது முடிவு, பாடசாலை முழுவதற்கும் யுனிகோடு. வினாத்தாள்கள் பல இன்னும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் அடித்ததை எழுத்துரு இல்லாத கணினிக்கோ போனுக்கோ கொண்டுபோனால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். காரணம், பாமினி ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தைப் போட்டுக் காட்டுகிறது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். ஆகவே தேடினாலும் அகப்படாது. பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றிமூலம் யுனிகோடுக்குக் கொண்டுவந்து, ஒரு தடவை வாசித்துத் திருத்தி வையுங்கள்.

இரண்டாவது முடிவு, ஒரே விசைப்பலகை அமைப்பு. மூன்று ஆசிரியர் மூன்று விதமாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை எதையும் பிடிக்காது. விண்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகளில் தமிழ் 99 கூடவே வருகிறது. விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் 99ஐயே பரிந்துரைப்போம். உயிர் எழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். "க" அடித்து "ஒ" அடித்தால் "கொ". உயிர்மெய் பிறக்கும் விதத்தைத் தமிழ் டீச்சர் கரும்பலகையில் சொல்வதை விரல் செய்து பார்க்கிறது. "க" இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுந்து "க்க" ஆகும். இலக்கணப் பாடத்தின் ஒரு வேளையைத் தயக்கமின்றி இதற்குக் கொடுக்கலாம்.

பாமினியில் வேகமாக அடிக்கும் ஆசிரியர்களுக்கு வேறு இடறல். கொம்பை முதலில் அடித்துப் பிறகு எழுத்தை அடித்துப் பழகியவர்கள் அவர்கள். யுனிகோடு அமைப்புகள் பலவற்றில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. சில நாளில் கை பழகும். ஆனால் அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று அடிக்கவேண்டாம்.

இன்னொரு பிழை கண்ணுக்குத் தெரியாது. "பௌர்ணமி" என்பதைச் சிலர் பெ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பார்கள்: "பெளர்ணமி". தாளில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு சொல். விரிதாளில் "பௌர்ணமி விடுமுறை" என்று வடிகட்டினால் பாதி நாட்கள் காணாமல் போகும். கால் போடும் இடத்தில் "ர" அடிப்பதும் இதே வகை. இரண்டு சொற்களையும் வகுப்பில் அடித்துத் தேடிக் காட்டுங்கள். எழுத்துப்பிழைக்கு ஏன் புள்ளி குறைக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

அளவு: ஒரு பிள்ளைக்கு 15 நிமிடம் வீதம் கிழமைக்கு இரண்டு தடவை, மூன்று கிழமை. இலக்கு வேகம் அல்ல. தன் பெயர், ஊர், இரண்டு வசனம் ஆகியவற்றைப் பார்க்காமல் கேட்காமல் அடிக்க வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

5. கோப்புக்குப் பெயர், கோப்புக்கு இடம்

"பெயரில்லாதது 1", "புதியது", "கடைசி", "கடைசி சரி" என்று நாற்பது கோப்பு கிடந்தால் யாருடையது எது என்று தெரியாது. பெயர் வைக்கும் ஒழுங்கைச் சுவரில் ஒட்டுங்கள்: தரம், குழு, பொருள், திகதி. உதாரணம்: "8-குழு03-மழை-2025-11-03". வருடம் முன்னால் வந்தால் பட்டியல் காலவரிசையில் தானே நிற்கும். நாள் முன்னால் வந்தால் ஐப்பசியும் மார்கழியும் கலந்துவிடும்.

கோப்பைத் திறந்தவுடன் முதலில் சேமிப்பது, பிறகுதான் அடிப்பது. தன்னியக்க மீட்பு பல மென்பொருள்களில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான். கரண்ட் போனால் ஒன்பது நிமிட வேலை போகலாம். வகுப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "சேமியுங்கோ" என்று சொல்ல ஒரு பிள்ளையை நியமியுங்கள்.

பென்டிரைவைத் திறந்ததும் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிப் படமாகத் தெரிந்தால் சொடுக்கக் கூடாது. அது பரவும் வைரஸ், சொடுக்குவதுதான் அதற்கு வேண்டியது. உள்ளே இருக்கும் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். வகுப்புக்கென்று இரண்டே பென்டிரைவ் வைத்து, வீட்டுப் பென்டிரைவைக் கணினி அறைக்குள் விடாமல் இருப்பது சிறந்த காவல்.

6. விஞ்ஞானம்: மழைமானி செய்து அளத்தல்

தேவை: 1.5 லீற்றர் சோடாப் போத்தல், கத்தி, செங்கற்கள், பட்டி நாடா, 100 மி.லீ. அளவுசாடி. போத்தலைத் தோளுக்குக் கீழே வெட்டி, மேல்துண்டைக் கவிழ்த்துப் புனலாக உள்ளே வையுங்கள். காற்றில் விழாமல் சுற்றிச் செங்கல் வையுங்கள். வாய் நிலத்திலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். மணல் முற்றத்தில் தெறிக்கும் நீர் அதற்குக் கீழேதான் போகும். மரமோ கட்டடமோ 4 மீற்றர் உயரமெனில் 8 மீற்றராவது தள்ளி வையுங்கள்.

போத்தலில் கோடு போட்டு அளப்பது பார்வைக்கு இலகு, ஆனால் பிழைக்கும். அடி சமதளமல்ல, நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். கனவளவால் அளப்பதே திருத்தம். வாயின் விட்டம் 8.8 செ.மீ. எனில் பரப்பு ஏறத்தாழ 60.8 சதுர செ.மீ. அதன்மேல் 1 மி.மீ. மழை பெய்தால் சேரும் நீர் 6.08 மி.லீ. அளவுசாடியில் 152 மி.லீ. வந்தால் 152 ஐ 6.08 ஆல் வகுக்க, 25 மி.மீ. இப்படி அளப்பதாயின் அடியில் கற்களையும் நீரையும் முதலே போட்டு வைக்கக் கூடாது. கற்கள் வெளியே நிற்கட்டும்.

காலை 8.30க்கு அளவுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாளாந்த மழையளவும் 8.30 இலிருந்து 8.30 வரையான 24 மணித்தியாலத்துக்குத்தான், ஆகவே பிறகு ஒப்பிடலாம். பாடவேளை மாறும் நேரத்தை ஒட்டி வருவதால் இரண்டு பிள்ளைகள் போய்வர வகுப்பும் குழம்பாது.

பதிவு முதலில் தாளில். திகதி, நேரம், மி.லீ., மி.மீ., அளந்தவர் பெயர், குறிப்பு என ஆறு நிரல். நேரே கணினியில் பதியச் சொன்னால் கணினி அறை பூட்டியிருக்கும் நாளில் அளவீடு விடுபடும். பிறகு பிள்ளைகள் நினைவில் இருந்து ஒரு எண்ணைப் போடுவார்கள். தாள் எப்போதும் கைக்கெட்டும். சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்கும் மூலமும் அதுவே.

சனி, ஞாயிறு யாரும் அளக்கமாட்டார்கள். திங்கள் காலை போத்தலில் இருப்பது மூன்று நாள் மழை. அதைத் திங்களுக்கு எதிரே 48 மி.மீ. என்று மட்டும் எழுதினால், பத்து நாளின் பின் "எங்கள் ஊரில் திங்களில்தான் கூட மழை" என்று பிள்ளைகள் முடிவெடுப்பார்கள். குறிப்பு நிரலில் "3 நாள் சேர்ந்தது" என்று எழுதப் பழக்குங்கள். அடைமழை நாளில் போத்தல் நிரம்பி வழியலாம். அப்படியானால் "வழிந்தது, இதைவிடக் கூட" என்று எழுதவேண்டும், நிரம்பிய அளவை மழையளவென்று எழுதக் கூடாது.

7. கணிதம்: தாளிலிருந்து விரிதாளுக்கு

விரிதாள் உள்ள லிப்ரே ஒபிஸ் மென்பொருள் இலவசம், இணையம் இல்லாமல் ஓடும். ஒரு கணினிக்கு மூன்று பேர். ஒருவர் தாளை வாசிப்பார், ஒருவர் அடிப்பார், ஒருவர் திரையைத் தாளோடு சரிபார்ப்பார். எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை இடம் மாறுவது. வீட்டில் கணினி உள்ள பிள்ளையை முதலில் சரிபார்க்க விடுங்கள். அடிக்க விட்டால் பாடவேளை முடியும்வரை சுட்டியை விடாது, மற்ற இருவரும் வேடிக்கை பார்ப்பார்கள்.

இங்கே நான்கு பிழை கட்டாயம் வரும். வரட்டும். ஆனால் ஏன் என்று அந்த இடத்திலேயே பேசுங்கள்.

"25 மி.மீ." என்று ஒரு கட்டத்துக்குள் அடிப்பது. கணினி அதைச் சொல்லாக எடுக்கும், கூட்டும்போது சேர்க்காது. மொத்தம் குறைவாக வரும், எச்சரிக்கையும் வராது. அலகு தலைப்பில், எண் மட்டும் கட்டத்தில். விரைவாகக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், சொற்கள் இடப்பக்கம் ஒட்டும். ஒரு நிரலைக் கண்ணால் பார்த்தாலே தெரியும்.

திகதி புரளுவது. அமெரிக்க ஒழுங்கில் வைத்த கணினியில் 3/11 என்று அடித்தால் மார்ச் 11 ஆகிவிடும். 13/11 என்றால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் சொல்லாக நிற்கும். மாதத்தின் முதல் 12 நாளும் (11/11 தவிர) பிழை, மிச்சம் சரிபோலத் தெரியும். 2025-11-03 என்ற ஒழுங்கில் அடித்தால் இந்தக் குழப்பம் இல்லை.

வெறுமையும் சுழியமும். இதில் ஒரு முழுப் பாடவேளை செலவழித்தாலும் தகும். திங்கள் 25, செவ்வாய் 0, புதன் அளக்கவில்லை, வியாழன் 11, வெள்ளி 4. மொத்தம் 40. (இங்கே சனி, ஞாயிறும் அளந்தார்கள், திங்கள் 25 ஒரு நாள் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மூன்று நாள் சேர்ந்த அளவைத் தனியே எடுக்கவேண்டும்.) புதனை வெறுமையாக விட்டால் அவரேஜ் சார்பு நான்கால் வகுத்து 10 தரும். புதனுக்கு 0 போட்டால் ஐந்தால் வகுத்து 8 தரும். 0 என்றால் "மழை இல்லை", வெறுமை என்றால் "தெரியாது". இடை காண்பது எப்படி என்று தெரிந்த பிள்ளைகள்கூட எதை எதனால் வகுக்கிறோம் என்று முதல்தடவை யோசிப்பது இந்த இடத்தில்தான். முதலில் கொப்பியில் கையால் செய்வித்து, பிறகு கணினியோடு ஒப்பிடுங்கள். ஒப்பிடாமல் கணினி விடையை ஏற்கும் பழக்கம் வந்தால் முன்சொன்ன இரண்டு பிழையும் என்றைக்கும் பிடிபடாது.

வரைபு. மழைக்குச் சலாகை வரைபு. ஒவ்வொரு நாளின் மழையும் தனி அளவு, கோட்டால் இணைத்தால் இடையிலும் மழை பெய்ததுபோலத் தோன்றும். அச்சு சுழியத்தில் தொடங்கவேண்டும். முப்பரிமாண வரைபை விலக்குங்கள், சலாகையின் உச்சி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று வாசிக்க முடியாது. நிறம் மாற்றுவதிலேயே நேரம் போகும், ஆகவே நிறத்தைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளுங்கள்.

நேரம் இருந்தால் ஒரு கணக்கு: ஒரு ஏக்கர் வயலில் 25 மி.மீ. மழை எத்தனை லீற்றர்? ஏக்கர் 4,047 சதுர மீற்றர், ஆகவே ஏறத்தாழ 101,000 லீற்றர். வாவிக்கு மேற்கே வயல்கள் உள்ள படுவான்கரைப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வரம்பில் நின்று நீர் கட்டிப் பார்த்தவர்கள் அவர்கள், உடனே வாய்க்கால் கதைக்கு வந்துவிடுவார்கள். கதைக்கட்டும்.

8. புவியியல்: அக்கரையோடு ஒப்பிடுதல்

வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கமான எழுவான்கரைப் பாடசாலை ஒன்றும் படுவான்கரைப் பாடசாலை ஒன்றும் கோப்பை மாற்றிக்கொள்ளலாம். அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவிலும் சம்மாந்துறையும், கடற்கரையும் உள்நிலமும் போல ஒரு சோடி. தலைப்புகளையும் அலகையும் நிரல் ஒழுங்கையும் முன்கூட்டியே ஒரே மாதிரியாக வைத்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு அட்டவணையைச் சேர்ப்பதிலேயே கிழமை போய்விடும்.

இடத்தைக் குறிக்க அகலாங்கு முதலில், நெட்டாங்கு பிறகு. மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ வடக்கு 7.7, கிழக்கு 81.7. இரண்டையும் மாற்றி அடித்தால் புள்ளி வட துருவத்துக்குக் கிட்டக் கடலில் போய் விழும். ஒரு தடவை மாற்றி அடித்துக் காட்டினால் ஒழுங்கு மனதில் நிற்கும். இணையம் இல்லையென்றால் அச்சிட்ட எல்லைப்படத்தில் கையால் புள்ளி வைத்தாலும் பாடம் குறையாது.

9. தமிழ்: அறிக்கை எழுதுதல், வதந்தியை அறிதல்

அறிக்கை 120 சொல், ஒரு வரைபு. "எத்தனை நாள் அளந்தோம், எத்தனை நாள் விடுபட்டது" என்பது முதல் பந்தியிலேயே வரவேண்டும். மூன்றாவது வசனத்துக்குள் ஓர் எண்ணாவது வரவேண்டும் என்று விதி வைத்தால் "மழை நமக்கு மிகவும் இன்றியமையாதது" என்ற தேய்ந்த தொடக்கம் தானாக ஒழியும்.

அடுத்த பாடவேளை வதந்திக்கு. மழைக்காலத்தில் "குளத்தின் வான்கதவு திறந்தாச்சு, உடனே ஓடுங்கள்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுவது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆறு செய்தி தயாரித்து அச்சிடுங்கள், இரண்டு சரியானவை, நான்கு பிழையானவை. பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் தேடவேண்டியவை: எந்தக் குளம் என்று பெயர் உண்டா, திகதியும் நேரமும் உண்டா, யார் சொன்னது, அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அது இருக்கிறதா. இரட்டை அம்புக்குறி இருந்தால் செய்தி பல கைமாறி வந்தது. அது மட்டுமே பொய் என்பதற்குச் சான்றல்ல, ஆனால் அனுப்பியவர் எழுதியவர் அல்ல என்று அறியலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117 என்பதைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு தாளின் குறுக்கேயும் "பயிற்சி" என்று பெரிதாக அச்சிட மறக்காதீர்கள். யாரோ ஒரு பிள்ளை படம் எடுத்து அனுப்பினால் உங்கள் பயிற்சித்தாளே ஊரைக் கலக்கும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளையும் இங்கே ஒரு தடவை தொடலாம். ஆசிரியரின் கணினியில் மட்டும், வகுப்புக்கு முன்னால். பிள்ளைகள் தாங்களே அளந்த நாளின் மழையளவைக் கேட்டு, வரும் பதிலைத் தங்கள் தாளோடு ஒப்பிடட்டும். சரளமான வசனமும் சரியான எண்ணும் ஒன்றல்ல என்பது அப்போது தெரியும்.

10. வரலாறு: குரல் பதிவு

1978 நவம்பர் 23 புயலை நினைவில் வைத்திருக்கும் அப்பப்பா, அம்மம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்று கேள்வி, மூன்று நிமிடம். அதற்கு மேல் பதிந்தால் எழுத்தாக்க முடியாமல் கைவிடுவார்கள். போனை விமானநிலையில் வையுங்கள், இடையில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துபோகலாம். மின்விசிறியை நிறுத்துங்கள். வெளியே என்றால் பேசுபவர் முதுகு காற்றுப் பக்கம் இருக்கட்டும். முதலில் பத்து விநாடி பதிந்து கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

அனுமதி கேட்பதும் பாடத்தின் பகுதி. "பதியலாமா? வகுப்பில் போடலாமா?" இரண்டும் வேறு கேள்விகள். இரண்டுக்கும் தனித்தனிப் பதில் வேண்டும். 2004 டிசம்பர் 26 கடற்கோளைச் செவ்வியாகக் கொடுக்கவேண்டாம். இந்தக் கரையோரத்தில் எந்த வீட்டுக்குள் எந்த இழப்பு இருக்கிறது என்று ஆசிரியருக்கு முழுக்கத் தெரியாது. ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைத் தனியே கிளறிவிட்டுத் தனியே தாங்கவேண்டிவரும். புயலைப் பற்றிக் கேட்கும்போதும் பேச்சு அங்கே போனால் பதிவை நிறுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பாடசாலைப் பக்கத்தில் போடுவதற்கும் பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும். இணையத்தில் யாராவது தொந்தரவு செய்தால் யாரிடம் சொல்வது என்பதை இந்தப் பாடவேளையிலேயே சொல்லுங்கள்: முதலில் நம்பும் ஒரு பெரியவர், பிறகு சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம் 1929.

11. தனியே செய்யச் சொல்லிப் பாருங்கள்

குழுவின் அழகான கோப்பைப் பார்த்து மூவருக்கும் புள்ளி கொடுத்தால் ஒருவருக்குத்தான் கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனியே மூன்று நிமிடம்: கோப்பைத் திற, இன்றைய மழையளவைச் சேர், இடை மாறியதா என்று சொல், சரியான பெயரில் சேமி. 36 பிள்ளைக்கு 108 நிமிடம். நான்கு கணினியில் நான்கு பேராக விட்டால் 27 நிமிடம், ஒரு இரட்டைப் பாடவேளைக்குள் அடங்கும். மற்றவர்களுக்கு அந்நேரம் தாளில் வேலை.

புள்ளியைப் பாட ஆசிரியரே இடவேண்டும், தன் பாடத்தின் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்குள் இடவேண்டும். தனிச் சான்றிதழ், தனிப் போட்டி என்று வைத்தால் மறுபடி அது ஒதுங்கிய பாடமாகிவிடும். நான்கு செயலில் இரண்டை மட்டும் செய்த பிள்ளைக்கு எந்த இரண்டு வரவில்லை என்று எழுதிக் கொடுங்கள். அந்தத் துண்டு அடுத்த தவணை ஆசிரியருக்குப் போகட்டும்.

12. வெள்ள விடுமுறைக்கு முன்

கார்த்திகை, மார்கழியில் பாடசாலை திடீரென்று மூடும். சில பாடசாலைகள் இடைத்தங்கல் முகாமாகும், கணினி அறையும் திறக்கப்படும். ஆகவே ஐந்தாம் கிழமையிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாக் குழுக்களின் கோப்பையும் இரண்டு பென்டிரைவிலும் எடுங்கள். ஒன்று அதிபர் அறை அலுமாரியில், மற்றது ஆசிரியர் ஒருவரின் வீட்டில், இயன்றால் வேறு ஊரில். தாளில் எழுதிய அளவீடுகளைப் போனில் படம் எடுத்து, படத்தில் எண்கள் வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

மையப் பெட்டிகளை நிலத்திலிருந்து மேசைமேல் ஏற்றுங்கள், சொருகிகளைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். நனைந்த கணினியைக் காயாமல் எழுப்பக் கூடாது. வெளியே காய்ந்தாலும் மின்வழங்கிப் பெட்டிக்குள் ஈரம் நிற்கும். திறந்து காயவைத்து, தொழினுட்பவியலாளர் ஒருவர் பார்த்த பிறகே கரண்ட் கொடுக்கவேண்டும்.

விடுமுறை நாட்களிலும் அளக்க விரும்பும் பிள்ளைகள் இருப்பார்கள். வீட்டு முற்றத்தில் போத்தல் வைக்கட்டும். வெள்ளம் ஏறினால் போத்தலைத் தேடிப் போகக்கூடாது என்பதை மட்டும் பெற்றோர் முன்னிலையில் சொல்லிவிடுங்கள். அந்த நாட்களுக்கு எதிரே கட்டம் வெறுமையாக இருக்கட்டும். பாடசாலை திறந்த முதல் நாள், அந்த வெறுமைக்கு எதிரே "வெள்ளம், அளக்கவில்லை" என்று பிள்ளைகளே எழுதுவார்கள்.